ராஜாவைத் தூக்கி எறிகிறவர்கள்

2025 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆர்லிங்டன் என்ற ஊரில் ஒரு செஸ் காட்சிப் போட்டி. அமெரிக்காவா இந்தியாவா என்று விளம்பரம். அதில் அன்றைய உலக சாம்பியனான நம்மூர் குகேஷை ஹிகாரு நகமுரா தோற்கடித்தார். தோற்கடித்தவர் அத்தோடு விடவில்லை. குகேஷின் ராஜாவைப் போர்டிலிருந்து எடுத்துக் கூட்டத்துக்குள் வீசி எறிந்தார். கூட்டம் ஓ என்று கத்தியது. வீடியோ உலகம் பூராவும் ஓடியது.

உடனே ஒரு கோஷ்டி கிளம்பியது. அது சும்மா ஜாலிக்காக, ஏற்பாட்டாளர்களே கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் செய்யச் சொன்னார்கள், இதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா என்று. கூட விளையாடிய ஒருவரும் அப்படித்தான் சொன்னார். சரி, அப்படியே இருக்கட்டும். அப்படியென்றால் விஷயம் இன்னும் மோசம். கோபத்தில் ஒருவர் தப்பு செய்தால் மன்னிக்கலாம். உட்கார்ந்து யோசித்து, எதிராளியை அவமானப்படுத்தினால் டிக்கெட் விற்கும் என்று முடிவு செய்தால் அதற்கு என்ன பெயர்?

அந்த வீடியோவைப் பார்த்து இங்கே கொதித்தவர்கள் நிறைய. குகேஷ் சென்னைப் பையன், கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை ஆர்லிங்டனோடு நிறுத்திக்கொள்வது வசதியான வேலை. கொஞ்சம் தாம்பரம் பக்கமும் வர வேண்டும்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம். இந்த ஏரியாக்களில் இன்றைக்கு செஸ் கிளாஸ் இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாடியில் ஒன்று, அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஹாலில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு ஸ்கூல் ஹாலில் ஒரு நாள் ராபிட் போட்டி. உள்ளே பிள்ளைகள். அப்பா அம்மாவுக்கு உள்ளே அனுமதி கிடையாது, எல்லோரும் வராண்டாவில். அந்த வராண்டாவில் அரை மணி நேரம் நின்று காதைக் கொடுத்தால் போதும்.

"அவன்கிட்டயா தோத்த? அவன் ரேட்டிங் என்ன, உன் ரேட்டிங் என்ன?"

"அந்தப் பையன்கூட பேசாத. பேசினா உன் ஓப்பனிங்கை எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்குவான்."

"அழாத. அடுத்த ரவுண்டுல அவனை நசுக்கிடு."

எட்டு வயசுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சு இது. 'நசுக்கு' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிவதற்கு முன்பே அதை ஆட்டமாகக் கற்றுக்கொள்கிறது அந்தக் குழந்தை. தோற்றுவிட்டு வெளியே வருகிற பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்ப்பது அப்பாவின் முகத்தை. ஜெயித்த பிள்ளை பார்ப்பதும் அதைத்தான். எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன்னோடு சேர்ந்து ஒரு ஆட்டத்தை உருவாக்கிய இன்னொரு பிள்ளையை இரண்டு பேருமே பார்ப்பதில்லை. கை குலுக்கியாக வேண்டும் என்பதால் விரல் நுனியை நீட்டிவிட்டு ஒரே ஓட்டம்.

ஆர்லிங்டனில் பறந்த ராஜா கடையில் வாங்கியது இல்லை. இந்த மாதிரி வராண்டாக்களில் தயாரானது.

போர்தான், ஆனால் என்ன மாதிரிப் போர்?

செஸ் ஒரு போர் விளையாட்டு, இதில் என்ன மரியாதை வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. போர் விளையாட்டுதான், மறுக்கவில்லை. சதுரங்கம் என்ற பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைச் சொல்கிற பெயர். இங்கிருந்து போன ஆட்டத்தை எடுத்துக்கொண்டு 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் பெரிய கட்டங்கள் போட்டு ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி செய்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' அந்த நாட்டு ராணுவத்துக்கே பயிற்சியானது. 1913-ல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட 'லிட்டில் வார்ஸ்' என்று விதிப் புத்தகமே எழுதினார். நிஜப் போரைவிட இந்தக் குட்டிப் போர் எவ்வளவோ மேல் என்பதுதான் அதில் அவர் சொல்ல வந்த விஷயம். அடுத்த வருஷமே நிஜப் போர் வந்து ஐரோப்பாவைத் தின்றது வேறு கதை. இன்றைக்கு வார்ஹாமர் என்று மேஜை மேல் பொம்மைப் படைகளை நகர்த்துகிறவர்கள் அந்த வெல்ஸின் பேரப்பிள்ளைகள்.

இந்த மேஜைப் போர்களில் ஒரு விசேஷம் உண்டு. வார்ஹாமர் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் நடுவர் இல்லாமல்தான் ஆடுகிறார்கள். படை எத்தனை இஞ்ச் நகரலாம் என்பதை டேப் வைத்து ஆடுகிறவனே அளக்கிறான். பகடையை அவனே உருட்டுகிறான். எதிரே இருப்பவன் நம்புகிறான். நம்பவில்லை என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதனால்தான் அவர்களுடைய சில போட்டிகளில் எதிராளி எப்படி நடந்துகொண்டார் என்பதற்கே தனியாக மார்க் போடுகிறார்கள்.

நம் வீட்டுத் திண்ணையில் பாட்டி ஆடிய தாயமும் இதே ரகம்தான். சோழி உருட்டியதில் விழுந்தது தாயமா இல்லையா என்பதை எதிராளி ஒத்துக்கொண்டால்தான் காய் நகரும். கள்ளாட்டம் ஆடுகிறவளோடு யாரும் அடுத்த நாள் உட்கார மாட்டார்கள். அவ்வளவுதான் தண்டனை. அது போதுமானதாகவும் இருந்தது.

நிஜப் போரில் எதிரி இல்லாமல் போனால் ஜெயித்தாயிற்று. மேஜைப் போரில் எதிராளி எழுந்து போனால் ஆட்டமே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் புரியாதவர்கள்தான் 'நசுக்கு' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரண்டு கையெழுத்து

செஸ்ஸில் நடுவர் உண்டே என்று சொல்லலாம். உண்டுதான். ஆனால் ஸ்கூல் ஹாலில் வரிசையாகப் போர்டுகள், நடந்துகொண்டே இருக்கிற ஓரிரு ஆர்பிட்டர்கள். ஒரு காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. டச் மூவ். தொட்டானா இல்லையா என்பதைப் பார்த்த ஒரே சாட்சி பல நேரம் எதிரே இருப்பவன் மட்டும்தான். "நான் தொடவே இல்ல சார்" என்று ஒரு குரல், "தொட்டான் சார்" என்று இன்னொரு குரல். ஆர்பிட்டர் என்ன செய்வார் பாவம்?

இது பிள்ளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. 1994-ல் ஸ்பெயின் நாட்டு லினாரஸ் போட்டியில் காஸ்பரோவ், ஜூடித் போல்காரோடு ஆடும்போது குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டு, பிறகு மாற்றி வேறு கட்டத்தில் வைத்தார். கண் இமைக்கிற நேரம்தான். போல்காருக்கு அப்போது 17 வயது, எதிரே உலக சாம்பியன். அவர் அங்கேயே புகார் சொல்லவில்லை. ஆட்டத்தையும் தோற்றார். கை விட்டது வீடியோவில் பின்னால் தெரிந்தது. காஸ்பரோவ் ஜெயித்த ஆயிரம் ஆட்டங்களில் பலவற்றை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். இந்த ஒன்றை மறக்கவில்லை. 2002-ல் மாஸ்கோவில் அதே போல்கார் அவரை ராபிட் ஆட்டத்தில் ஜெயித்ததையும் மறக்கவில்லை.

விதிப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. கிளாசிகல் ஆட்டம் முடிந்ததும் முடிவைக் குறித்து இரண்டு பேருமே இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது ஜெயித்தவன் வெற்றிக்குக் கீழே தோற்றவனின் கையெழுத்து இருக்கும். அக்கவுண்ட்ஸ் படிக்கிற யாருக்கும் இது சட்டென்று விளங்கும். பற்று என்று ஒரு பக்கம் எழுதினால் வரவு என்று இன்னொரு பக்கம் எழுதியாக வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு நேராகாது. எதிராளி ஒப்புக்கொள்ளாத வெற்றி கணக்கில் சேராத வெற்றி. அவன் கையெழுத்து வேண்டும், ஆனால் அவன் மேல் மரியாதை வேண்டாம் என்றால் எப்படி?

எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் ஃபிடே விதி 11.5 சொல்கிறது. காரணமே இல்லாமல் டிரா கேட்டுக்கொண்டே இருப்பதும் அதில் அடக்கம். கடிகாரத்தை ஓங்கிக் குத்துவது, பேனாவைத் தட்டிக்கொண்டே இருப்பது, எதிராளி யோசிக்கும்போது முகத்தைப் பார்த்துச் சிரிப்பது. இதெல்லாம் 'சைக்காலஜி' என்ற பெயரில் சில இடங்களில் சொல்லியே தரப்படுகிறது. சைக்காலஜியாம்! வேலை தெரியாதவன் ஆயுதம் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

வழக்கமான சப்பைக்கட்டுகள்

முதல் சப்பைக்கட்டு: கோபம் இயற்கை, தோற்றவனுக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும்.

வரட்டுமே, யார் வேண்டாம் என்றது? 2025 ஜூன் 1-ம் தேதி நார்வே செஸ் போட்டியில் கார்ல்சன் கையில் இருந்த ஆட்டத்தை குகேஷிடம் கோட்டைவிட்டார். மேஜையை ஓங்கி ஒரு குத்து. காய்கள் எகிறின. அடுத்த விநாடி அவர் என்ன செய்தார் என்பதை மீம் போட்டவர்கள் பாதிப் பேர் வெட்டிவிட்டார்கள். கை கொடுத்தார், மன்னிப்புக் கேட்டார், கலைந்த காய்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார், போகும்போது குகேஷின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். மேஜையைக் குத்தியது தப்புதான். ஆனால் அந்தக் குத்து அவர் தன் மேலேயே போட்டுக்கொண்டது. எதிராளியின் ராஜாவை எடுத்து வீசுவது அடுத்தவன் மேல் போடுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இரண்டாவது சப்பைக்கட்டு: மரியாதை, பெருந்தன்மை எல்லாம் பேசினால் கொலைவெறி போய்விடும், சாம்பியன் ஆக முடியாது.

ஐந்து முறை உலக சாம்பியனான ஆனந்த் சென்னைக்காரர்தான். அவர் கதையைப் பார்க்கலாம். 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கை அடித்துப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். 2010-ல் பல்கேரியாவில் தோபலோவை எதிர்த்து ஆட வேண்டும். எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்பர்ட்டில் இருந்து சோஃபியாவுக்கு ரோடு வழியாகவே போய்ச் சேர்ந்தார். ஜெயித்தார். அந்த மேட்சுக்குத் தயாராக அவருக்கு உதவியவர்கள் யார் யார் தெரியுமா? 1995-ல் நியூயார்க்கில் அவரை வீழ்த்திய காஸ்பரோவ். 2008-ல் அவரிடம் தோற்ற அதே கிராம்னிக். 2013-ல் இதே சென்னையில் வந்து அவர் பட்டத்தைப் பறிக்கப் போகிற கார்ல்சன்.

வீழ்த்தியவனும் உதவினான், வீழ்ந்தவனும் உதவினான், வீழ்த்தப் போகிறவனும் உதவினான். இதில் யாருக்குக் கொலைவெறி குறைந்தது? உச்சத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் வராண்டாவில் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனைப் போல நம் ஆட்டத்தை ஆழமாகப் புரிந்துகொண்டவன் வேறு யாரும் கிடையாது. அவன்கூடப் பேசாதே என்று பிள்ளையைத் தடுப்பது, இருப்பதிலேயே நல்ல வாத்தியாரைத் துரத்திவிடுவது.

மூன்றாவது: கை குலுக்குவது வெறும் சடங்கு, அதனால் என்ன வந்துவிடப் போகிறது.

2025 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டியில் சென்னையின் வைஷாலி கையை நீட்டினார். எதிரே இருந்த உஸ்பெகிஸ்தானின் யாகுபோயெவ் கை கொடுக்காமல் உட்கார்ந்தார். வீடியோ பரவிப் பெரிய சண்டையானது. மத நம்பிக்கை காரணமாகப் பெண்களுக்குக் கை கொடுப்பதில்லை, அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று அவர் விளக்கினார். அதோடு நிற்கவில்லை. பூவும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு வைஷாலியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். வைஷாலியும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பெருந்தன்மையாக முடித்துவைத்தார்.

இதிலிருந்து தெரிவது என்ன? கை ஒரு வடிவம், அவ்வளவுதான். கை கொடுக்க முடியாதவர் கும்பிடலாம், தலை அசைக்கலாம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரெல்லாம் நின்ற 'தம்பி' பொம்மை ஞாபகம் இருக்கும். வேட்டி சட்டை போட்ட குதிரை. 'வா, மோதிப் பார்க்கலாம்' என்று முஷ்டியை முறுக்கிக்கொண்டா நின்றது? கையைக் கூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றது. போர்க்குதிரைக்கு அதைவிட நல்ல போஸ் கிடையாது. பொம்மையோடு செல்ஃபி எடுத்தவர்கள் அந்தக் கையைக் கவனித்தார்களா என்பதுதான் சந்தேகம்.

தோற்றவுடன் 'ஏமாத்திட்டான்'

இன்னொரு வியாதி சமீபமாகப் பரவுகிறது. தோற்றால் எதிராளி கம்ப்யூட்டரைப் பார்த்து ஆடினான் என்று சொல்லிவிடுவது. ஆன்லைனில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மை. அதற்காக, தோற்ற ஒவ்வொரு முறையும் வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா?

2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற கார்ல்சன் மறுநாள் போட்டியை விட்டே விலகினார். சில நாள் கழித்து ஆன்லைன் போட்டி ஒன்றில் அதே நீமனுக்கு எதிராக ஒரே ஒரு நகர்த்தலோடு எழுந்து போனார். நீமன் முன்பு ஆன்லைனில் ஏமாற்றியதைத் தானே ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தில் ஏமாற்றினார் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. வழக்கு, சமரசம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, 2023 டிசம்பரில் ஃபிடேயின் ஒழுங்கு ஆணையம், சரியான காரணம் இல்லாமல் போட்டியை விட்டு விலகியதற்காக கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது. நார்வேயில் காய் எடுத்து வைத்த அதே கார்ல்சன்தான். நல்லவன் கெட்டவன் என்று ஆளுக்கு ஆள் முத்திரை குத்துவதில் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை இது, உலக சாம்பியனும் ஒரு நாள் சறுக்குவார்.

சந்தேகம் இருந்தால் ஆர்பிட்டரிடம் சொல்ல வழி இருக்கிறது. ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் பத்து வயசுப் பையன் பெயரைப் போட்டு "இவன் ஃபோன் பார்த்துட்டுதான் ஜெயிச்சான்" என்று எழுதுவது சந்தேகம் இல்லை, அடி. அந்தப் பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலுக்கு வந்து உட்கார வேண்டும் என்பதை எழுதுகிறவர் யோசிப்பதில்லை.

இது வெளியூர்ச் சரக்கு இல்லை

மரியாதை எல்லாம் வெள்ளைக்காரன் டீ குடித்துக்கொண்டு பேசுகிற விஷயம் என்பவர்களுக்கு 1999 ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமையை ஞாபகப்படுத்தலாம். சேப்பாக்கம். முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. சொந்த மண்ணில் அப்படி ஒரு தோல்வி, அதுவும் பாகிஸ்தானிடம். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கை தட்டியது. அன்று எழுந்து நின்றவர்களில் பீச் ரயில் பிடித்துத் தாம்பரத்துக்குத் திரும்பியவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். இன்று வராண்டாவில் நிற்பவர்களில் சிலர் அவர்கள் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கிளாஸில் சிசிலியன் டிஃபென்ஸ் சொல்லித் தருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், எப்படித் தோற்பது, எப்படி ஜெயிப்பது என்று சொல்லித் தரலாம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகளும் ஐந்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்து எங்கே தப்பு நடந்தது என்று பார்க்க ஒரு மேஜை ஒதுக்கலாம். பரிசளிப்பில் முதல் பத்துப் பேருக்குக் கோப்பை கொடுக்கிறவர்கள், நல்ல எதிராளி என்று ஒரு பிள்ளைக்கும் கொடுக்கலாம். அதை மற்ற பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். யார் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியும். வெளியே வருகிற பிள்ளையிடம் அப்பா அம்மா "ஜெயிச்சியா?" என்பதற்கு முன்னால் "யார்கூட ஆடின?" என்று கேட்கலாம். காசு செலவில்லை.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பதினாலாவது ஆட்டத்தில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், ஆட்டம் போனது. 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். டிங் கை கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்தப் பையன் அழுதான். அழுதுகொண்டே ஒரு வேலை செய்தான். போர்டில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கினான். தன் காய்களை மட்டும் இல்லை, டிங்கின் காய்களையும். பிறகு பத்திரிகையாளர்களிடம் டிங் ஒரு நிஜமான சாம்பியனைப் போலப் போராடினார் என்று சொல்லிவிட்டுத்தான் தன்னைப் பற்றிப் பேசினான்.

எதிராளியின் ராஜாவைக் கூட்டத்துக்குள் வீசலாம். எடுத்து அதன் கட்டத்தில் வைக்கவும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வராண்டாவில் நிற்பவர்கள் இதில் எதைச் சொல்லித் தரப் போகிறார்கள்?